கோடு வந்தது, மறைந்தது: ஆரம்பக் கருச்சிதைவில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக் கடையில் பல வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். கர்ப்பம் பார்க்கும் யு.பி.டி. அட்டை வாங்க வருகிற பெண்கள் முதலில் பனடோல் கேட்பார்கள், அப்புறம் ஷாம்பு பக்கம் ஒரு சுற்று சுற்றுவார்கள், கடையில் ஆள் குறைந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். போன மாதம் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். டிஷ்யூவில் சுற்றி வைத்திருந்த மூன்று அட்டைகளைக் கைப்பையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தாள். வியாழக்கிழமை அட்டையில் இரண்டு கோடு. சனிக்கிழமை இரண்டாவது கோடு மங்கல். திங்கட்கிழமை ஒரே கோடு. அன்றைக்கே உதிரமும் வந்துவிட்டது. கிளினிக்கில் ‘கெமிக்கல் பிரெக்னன்சி’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குச் செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. “கெமிக்கல்னா நான் அடிக்கிற மருந்துதானே அக்கா? மாமியாரும் அதைத்தான் சொல்றாங்க” என்றாள்.

இந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கரு கர்ப்பப்பையில் ஒட்டியதும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். அட்டையில் கோடு விழுவது அதனால்தான். ஸ்கேனில் ஏதாவது தெரிய, கடைசியாகத் தூரமான (மாதவிலக்கு வந்த) நாளிலிருந்து எண்ணி ஐந்து வாரமாவது ஆக வேண்டும். அதற்குள் கரு வளராமல் நின்றுவிட்டால், அது இருந்தது என்பதற்கு அந்த ஹார்மோன் ஒன்றுதான் சாட்சி. இரசாயனப் பரிசோதனையில் மட்டும் தெரிந்த கர்ப்பம், அதனால் கெமிக்கல். புல்லுக்கு அடிக்கிற மருந்துக்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதற்காக மருந்தடிப்பது பரவாயில்லை என்று சொல்லவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரியிலிருந்து மலேசியாவில் தடை. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் இருக்கின்றன. குழந்தைக்கு முயற்சி செய்கிற பெண், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேசி வேறு வேலைக்கு மாறுவது நல்லது. ஆனால் போன இந்த ஒரு கருவுக்கு அந்தப் பம்புதான் காரணம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மாமியாரால் எப்படிச் சொல்ல முடியும்?

பழி சுமத்துவதில் நம் வீடுகளுக்கு ஈடில்லை. அன்னாசி சாப்பிட்டாய், பப்பாளி சாப்பிட்டாய், மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனாய், தண்ணீர் வாளியைத் தூக்கினாய். இவ்வளவு சீக்கிரம் கலையும் கருக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குரோமோசோம் கணக்கு தப்பிப் போவதுதான். முட்டையும் விந்தும் சேரும்போதே அநேகமாக அது முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அவள் அன்னாசியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

இன்னொரு பக்கம், “அது கருவே இல்லை, நாள் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான்” என்று ஆறுதல் சொல்பவர்கள். கரு ஒட்டியது உண்மை, கோடு விழுந்ததும் உண்மை. 1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்துச் சோதித்தார்கள். உண்டான கர்ப்பங்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று தெரியவரும் முன்பே கலைந்திருந்தன. நம் பாட்டிமார்களுக்கும் இது நடந்திருக்கும். அவர்களிடம் அட்டை இல்லை, அதனால் பெயரும் இல்லை. அதே ஆய்வில், அப்படி இழந்த பெண்களில் 95 சதவீதம் பேர் இரண்டு வருஷத்துக்குள் மறுபடி கர்ப்பமானார்கள். அந்தத் தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். தலையாட்டினாள். அட்டைகளைப் போட்டுவிடலாம் என்று குப்பைத் தொட்டியை நீட்டினேன். வேண்டாம் என்று மறுபடி டிஷ்யூவில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டாள். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கேட்பவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, அட்டை விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். ராத்திரி செய்துவிட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தால், காய்ந்த சிறுநீரே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு காட்டும். அதை நம்பி இனிப்பு வாங்கியவர்களும் உண்டு. தினமும் ஒன்று வாங்கி, கோடு நேற்றைவிட அழுத்தமா என்று போன் வெளிச்சத்தில் ஒப்பிடுவதும் வீண். எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்பதைப் பொறுத்தே நிறம் மாறும். எங்கள் கடைக்கு அது நல்ல வியாபாரம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருகிற தவறு ஒன்று உண்டு. உதிரம் வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவது. சில சமயம் கரு கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் ஒட்டியிருக்கும். நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ அப்படி. அப்போதும் இதே மாதிரி லேசாக உதிரம் வரும், இதே மாதிரி கோடு மங்கலாக இருக்கும். அதனால் வலி இல்லாமல் உதிரம் மட்டும் வந்து நின்றாலும், ஏழிலிருந்து பத்து நாள் கழித்து இன்னொரு அட்டை பாருங்கள். அப்போதும் இரண்டு கோடு இருந்தால் கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான் கட்டணம். இரத்தம் எடுத்து எச்.சி.ஜி. அளவை இரண்டு நாள் இடைவெளியில் பார்க்கவும், ஸ்கேனுக்கும் தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அடிவயிற்றில் ஒரே பக்கம் குத்தும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் பத்து நாள் கணக்கெல்லாம் வேண்டாம். கணவர் வேலை முடிந்து வரட்டும் என்றும் இருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி, வண்டி இல்லாவிட்டால் 999. ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் நனைந்து அதுவே தொடர்ந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

இதனால்தான் உடனே வயிற்றை உருவிவிடுவதும் ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்து குடிப்பதும் எனக்குப் பிடிக்காத காரியங்கள். கரு குழாயில் இருக்கிறதா என்று தெரியாமல் வயிற்றை அழுத்தலாமா? “வயிறு கழுவணுமா?” என்றும் கேட்பார்கள், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இவ்வளவு ஆரம்பத்தில் பெரும்பாலும் தேவையில்லை. மாதவிலக்கு போலவே, கொஞ்சம் கூடுதலாகவோ வலியோடோ, தானாகவே போய்விடும்.

மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வதும் வழக்கம். மனசு ஆறட்டும் என்றால் சரி. உடம்பைப் பொறுத்தவரை, முட்டை இரண்டு வாரத்திலேயே வெளிவரலாம். ஒரு தடவை தூரமான பிறகு முயன்றால் நாள் கணக்குப் பார்க்க வசதி, அவ்வளவுதான். இப்போதிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் போடுங்கள். இனிப்பு நீரோ (சர்க்கரை நோய்) வலிப்போ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அளவு வேறு. இரண்டு மூன்று தடவை இப்படியே ஆனால் தைராய்டு, இரத்தம் உறைதல் எல்லாம் சோதிக்கச் சொல்வார்கள்.

கடைசியாக வேலை விஷயம். 2023 ஜனவரியிலிருந்து பேறுகால விடுப்பு 98 நாள். ஆனால் 22 வாரம் தாண்டிய கர்ப்பத்துக்குத்தான் அது. இவ்வளவு ஆரம்பத்தில் கலைந்தால் எம்.சி., அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு, மட்டுமே. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு வருஷத்தில் 14 நாள், ஐந்து வருஷம் ஆனவர்களுக்கு 22. மண்டோரிடம் வாயால் சொல்லிவிட்டு வீட்டில் படுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். டாக்டர் எழுந்து போவதற்குள் எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.