பலகை இல்லாத மினிபஸ்ஸுக்கு செல்போனாலேயே வழித்தட வரைபடம் போடுவது எப்படி?

வளரும் நாடுகளில் பல நகரங்களின் மினிபஸ்களுக்கு நேரப் பட்டியல் கிடையாது. எங்கே நிற்கும் என்பது நடத்துநர் வாயில்தான் இருக்கிறது. கென்யத் தலைநகர் நைரோபியின் மட்டாட்டு வேன்களில் மாணவர்கள் செல்போனோடு ஏறி இறங்கித் தடங்களைப் பதிவுசெய்தார்கள்; 2014-இல் அது வரைபடமாக வெளிவந்தது. அந்த வேலைக்குச் சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும்.

ஜி.பி.எஸ். தடம் பதியும் செயலி ஒன்றைப் போட்டு, பதிவு இடைவெளியை 1 முதல் 5 நொடிக்குள் வையுங்கள். பேட்டரி சேமிப்பை அந்தச் செயலிக்கு மட்டுமாவது அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் பதிவு நின்றுபோகும். பிறகு பார்த்தால் வண்டி வீடுகளுக்குள் புகுந்து நேர்கோட்டில் போயிருக்கும். இணையம் கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாதபோது முதல் ஜி.பி.எஸ். சிக்னலுக்குச் சில நிமிடம் ஆகலாம், ஏறுவதற்கு முன்பே வெட்டவெளியில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். உட்காருவது ஜன்னலோரம்.

நிறுத்தம் குறிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிக்னலில் நின்றது நிறுத்தம் அல்ல. ஆள் ஏறவோ இறங்கவோ வேண்டும். சக்கரம் நின்ற கணமே பொத்தானை அழுத்துங்கள். வண்டி கிளம்பி 30 கி.மீ. வேகம் எடுத்தபின் 10 நொடி தாமதித்தால் புள்ளி 80 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். பெயர், நடத்துநர் கூவுகிற பெயரேதான். அரசு ஆவணத்தில் உள்ள பெயர் பயணிகள் பலருக்குத் தெரியாது. திரும்பும் தடத்தையும் தனியாகப் பதியுங்கள், ஒருவழிச் சாலைகள் அதை மாற்றிவிடும்.

நேரத்துக்கு, ஒரே நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று எண்ணுங்கள்: காலை நெரிசலில், நண்பகலில், இருட்டியபின். மணிக்கு 12 வண்டி என்றால், ஜி.டி.எஃப்.எஸ். (பேருந்துத் தடம், நிறுத்தம், நேரத்தைக் கோப்புகளாக எழுதும் பொது வடிவம்) வடிவத்தின் இடைவெளிக் கோப்பில் 300 நொடி என்று எழுத வேண்டும். ஆள் நிரம்பினால்தான் புறப்படும் வண்டியானால், முனையத்தில் காத்திருக்கும் நேரத்தைத் தனியே அளந்து வையுங்கள்.

கோப்பில் அடிக்கடி வரும் பிழைகள் இரண்டு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் நிறுத்தங்கள் கடலில்கூடக் கிடக்கும். நள்ளிரவு தாண்டிய பயணத்தில் 1:10 என்று எழுதக்கூடாது; முந்தைய நாளின் கணக்கே தொடர்வதால் 25:10:00 என்றே எழுத வேண்டும்.

ஏறுமுன் ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். போலீஸுக்குக் கணக்கெடுக்கிறீர்கள் என்று நினைத்தால், அன்றைக்கு அவர் வழக்கமான சந்துக்குள் திரும்பவே மாட்டார்.