ஸ்லொட் காரைச் சோதித்துச் சீர்செய்வது: மலைநாட்டு வீடுகளுக்கான கையேடு

ஸ்லொட் கார் என்பது பாதையிலுள்ள காடியில் (நீளப் பள்ளத்தில்) ஓடும் சின்ன மின்சாரக் கார். முன்பக்க அடியிலுள்ள கைட் என்ற துண்டு காடிக்குள் இறங்கி அதை வழிநடத்தும்; காடியின் இரு பக்கமும் உள்ள உலோக ரெயிலிலிருந்து கரண்ட் வரும். வளைவில் கார் தெறித்தால் பலரும் முதலில் மோட்டரைத்தான் குறை சொல்கிறார்கள். வீட்டில் ஓட்டும் 1:32 அளவுக் கார்களில் மோட்டரால் வரும் கோளாறு குறைவு. அழுக்கேறிய ரெயில், வட்டம் தப்பிய பின் டயர், இறுக்கிப் பூட்டிய பொடி (காரின் மேற்கூடு), இந்த மூன்றும்தான் பெரும்பாலும் ஓட்டத்தைக் கெடுக்கின்றன. நம் பக்கத்தில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பாதையில் தொடங்கி, டயருக்கு வந்து, மோட்டரைக் கடைசியில் தொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

பாதையும் கரண்டும்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை கூடும். இந்த மாதங்களில் சீமெந்துத் தரையில் கிடக்கும் பாதையின் ரெயிலில் மெல்லிய ஈரம் படியும். பாதையைத் தரையில் நேரே போடாமல் 12 மி.மீ. பிளைவூட் பலகைமேல் போடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த துண்டுகளை அரை மணி நேரம் அப்படியே விட்டு, காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அதன்பின் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். அது ரெயிலில் எண்ணெய்ப் படலம் விட்டுவிடும், வாங்கும்போது லேபலைப் பாருங்கள்.

காரேரா கம்பனிப் பாதையின் ரெயில் துருப்பிடிக்காத உருக்கு. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பனியின் ரெயிலில் துருப்புள்ளி வரும். மை அழிக்கும் இறப்பரால் தேய்த்தால் போய்விடும். ஸ்டீல் வுல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் நுண்துகள்கள் மோட்டரின் காந்தத்தில் ஒட்டி உள்ளே போய் ஷோர்ட் ஆக்கிவிடும்.

பாதையின் தூரப் பக்கத்தில் மட்டும் கார் சோர்ந்தால் கோளாறு மூட்டுகளில் இருக்கிறது. இன்னொரு காரைப் பின்சக்கரம் தூக்கிய நிலையில் அதே தடத்தில் ஓடவிட்டு, கரண்ட் ஏறும் துண்டிலும் எதிர்ப்பக்கத்திலும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு நாக்குகளைக் குறடால் லேசாக நெரித்து இறுக்க வேண்டும். பாரமான பழைய ட்ரான்ஸ்போமர் வகை அடப்டரில், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் குறையும்போது வெளியே வருவதும் சேர்ந்து குறையும். ஊரெல்லாம் விளக்கெரியும் முன்னிரவில் எடுத்த நேரத்தைப் பகலில் எடுத்த நேரத்தோடு ஒப்பிட வேண்டாம்.

பாதை சரியானதும் ஒரு அடிப்படைக் கணக்கு எடுங்கள். 5 சுற்று டயர் சூடேற விட்டு, அடுத்த 10 சுற்றுக்கும் சேர்த்து போனின் ஸ்டொப்வொச்சில் நேரம் பிடித்து எழுதிவையுங்கள். எத்தனை தடவை கார் காடியை விட்டு வெளியேறியது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வீட்டுப் பந்தயத்தில் ஒரு தெறிப்பு, சுற்றுக்குக் கால் வினாடி மிச்சம் பிடித்ததையெல்லாம் தின்றுவிடும்.

மேசைமேல் பார்க்க வேண்டியவை

காரை ரெயிலோடு இழுத்துப் பிடிக்க அடியில் பொருத்திய காந்தத்தைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் (மோட்டருக்குள் இருப்பதை அல்ல). காந்தம் இருக்கும்வரை மற்றக் குறைகள் வெளியே தெரியாது. கழற்றிய காந்தத்தைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். நியோடிமியம் காந்தம் இரண்டை விழுங்கினால் குடலுக்கே ஆபத்து.

கைட் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் காரை வைத்துப் பாருங்கள். பின்சக்கரம் இரண்டும் முழுதாகப் படிய வேண்டும், முன்சக்கரம் மட்டுமட்டாகத் தொட வேண்டும். பின் எக்சலைப் பக்கவாட்டில் அசைத்தால் ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்புக்கு ஆட்டம் இருக்கலாம், அதற்குமேல் கூடாது. எக்சலைத் தாங்கும் புஷ் செசியில் (காரின் அடிச்சட்டத்தில்) ஆடினால், அதன் வெளி விளிம்பில் ஊசி முனையால் ஒரு பொட்டு சூப்பர் குளூ வையுங்கள். அதற்குமுன் எக்சலில் எண்ணெய் தடவி, பசை காயும்வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்சலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

காடிக்குள் ஓடும் கைட் இரு பக்கமும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். வயர் விறைப்பாக இருந்தால் அது கைட்டை ஒரு பக்கம் இழுக்கும். கைட்டின் அடியில் ரெயிலைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் செப்புப் பிரெய்டின் (பின்னல் பட்டையின்) நுனியை மட்டும் லேசாக விரித்துக் கீழே வளையுங்கள். கூடுதலாக வளைத்தால் அது வில்லாகி முன்பக்கத்தைத் தூக்கிவிடும். மாற்றுப் பிரெய்ட் கிடைக்காதபோது, ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் உறிஞ்சி எடுக்கப் பயன்படும் செப்புப் பின்னலை 2.5 மி.மீ. அகலத்தில் வாங்கலாம். அதிலுள்ள பிளக்ஸை (ஈயம் பிடிக்கப் பூசிய பசையை) அல்கஹோலில் கழுவ வேண்டும். சீக்கிரம் தேயும் என்றாலும் வேலை நடக்கும்.

டயர்

அதிகப் பலன் இங்கேதான். புதுக் காரின் டயரும் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. அச்சில் வார்த்த மேடு நடுவில் நிற்கும். டயரைக் கழற்றி, ரிம்மைத் துடைத்து, டயரைத் திரும்ப மாட்டி, ஓரத்தை விலக்கி மூன்று நாலு இடத்தில் சூப்பர் குளூ வைத்து ஒட்டுங்கள். ஒட்டாத டயர் வேகத்தில் வீங்கி ரிம்மை விட்டு எழும்பும்.

ஒரு மணி நேரம் காயவிட்டு, டயரின் மேற்பரப்பு முழுவதும் வெள்ளை மார்க்கரால் பூசுங்கள். கைட்டுக்குப் பின்னால் பாதையின் குறுக்கே 240ஆம் இலக்க உப்புத்தாளை டேப்பால் ஒட்டி, பின்சக்கரம் அதன்மேல் நிற்கும்படி காரைப் பிடியுங்கள். கொன்ட்ரோலரை லேசாக அழுத்தி 10 வினாடி ஓட்டம், 10 வினாடி ஓய்வு. அழுத்திப் பிடித்தால் மோட்டர் சூடேறிவிடும். முதலில் நடுவில் மட்டும் மை அழிந்து கறுப்பு வளையம் தெரியும், பிறகு அது ஓரங்களுக்குப் பரவும். வெள்ளை எங்கும் மிச்சமில்லாமல் அழிந்ததும் 400, 600 என்று மெல்லிய தாளுக்கு மாறி முடியுங்கள். இது இறப்பர் டயருக்கு மட்டும். சிலிக்கன் டயரில் சூப்பர் குளூ பிடிக்காது, உப்புத்தாளிலும் லேசில் தேயாது.

முன் டயருக்குப் பிடிப்பு வேண்டாம். அதன்மேல் நிறமில்லாத நெயில் பொலிஷ் ஒரு பூச்சுப் போட்டால் வளைவில் முன்பக்கம் இழுபடாது. ஓட்டும் நேரத்தில் பின் டயரில் சேரும் தூசியை ஒட்டும் டேப்பில் உருட்டி எடுங்கள்.

பொடியும் பாரமும்

பொடியை செசியோடு பூட்டும் ஸ்குரூக்களை அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை தளர்த்துங்கள். கையில் எடுத்து ஆட்டினால் மெல்லக் கடகடக்க வேண்டும். வளைவில் வரும் அதிர்வு டயருக்குப் போகாமல் பொடியில் அடங்கிவிடும். ஸ்குரூ கழன்று விழாமலிருக்க மேலே ஒரு துண்டு டேப் போதும். பொடி டயரில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கைட் முதலில் காடியை விட்டு எழும்பினால் முன்பக்கம் பாரம் போதாது: கைட்டுக்குச் சற்றுப் பின்னால், செசியின் அடித்தட்டில், ஒவ்வொரு கிராமாக 3 கிராம்வரை தூண்டில் ஈயம் ஒட்டுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம். வால் மட்டும் அடித்துப்போனால் பின் டயரில் பிடிப்பில்லை. நேர்ப்பாதையில் பின்பக்கம் துள்ளினால் டயர் இன்னும் வட்டமாகவில்லை. குடைசாய்ந்தால் பாரம் உயரத்தில் இருக்கிறது.

காந்தமில்லாமல் கார் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகே காந்தத்தைத் திரும்ப மாட்டுங்கள். ரெயிலுக்கும் காந்தத்துக்கும் 1 மி.மீ. இடைவெளியில் ஆரம்பியுங்கள். நெருங்க நெருங்க வளைவில் பிடிப்புக் கூடும், ஆனால் நேர்ப்பாதை வேகம் குறைந்து மோட்டர் சூடாகும். எல்லை தாண்டினால் முன்னறிவிப்பே இல்லாமல் கார் பறக்கும்.

மோட்டரும் கியரும்

புது மோட்டர் என்றால் மட்டும் இரண்டு டபிள் ஏ பெற்றரியில், அதாவது 3 வோல்ட்டில், சக்கரத்தைத் தூக்கிவைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கரிப் பிரஷ் படிந்துகொள்ளும். பிறகு தண்டின் இரு முனையிலும் ஊசி முனையளவு மெல்லிய எண்ணெய், கியர்ப் பற்களில் கொஞ்சம் கிரீஸ். பிரெய்டில் எண்ணெய் படக்கூடாது.

9 பல் பினியனும் (மோட்டர் தண்டிலுள்ள சின்னக் கியர்) 27 பல் கிரௌனும் (பின் எக்சலிலுள்ள பெரிய கியர்) 3:1 விகிதம். நேர்ப்பகுதி 2 மீற்றரைத் தாண்டாத அறையில் 8 பல் பினியன் நல்லது. வேகமெடுப்பும் பிரேக்கும் கூடும். மாற்றியதும் பற்கள் கடிக்கும் ஆழத்தைப் பாருங்கள். மெல்லிய தாள் ஒன்று கிழியாமல் இடையே உருண்டு வந்தால் சரி. சிணுங்கல் சத்தம் கேட்டால் இறுக்கம் அதிகம்.

ஓட்டம் முடிந்ததும் காரைச் சக்கரத்தில் நிறுத்திவைக்க வேண்டாம், டயரில் தட்டை விழும். செசிக்கு அடியில் ஒரு சின்னக் கட்டை வைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைக்கட் இரண்டோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.