நடுவரின் கையில் நிற்க வேண்டிய ஆக்கம்: விண்வெளி ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு எழுதும் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1977-இல் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட, மார்க் மில்லர் வடிவமைத்த 'டிராவலர்' என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு (மேசையைச் சுற்றி அமர்ந்து, கற்பனைப் பாத்திரங்களை ஏற்று, பேசியும் பகடை உருட்டியும் ஆடுவது) ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாக வந்தது. அந்த நூல்கள் ஆயத்தமான பேரண்டம் எதையும் தரவில்லை. கப்பல் கட்டுவதற்கும் கோள்களை உருவாக்குவதற்கும் பாத்திரங்களின் கடந்தகாலத்தைப் பகடை உருட்டி அமைப்பதற்கும் விதிகளைத் தந்துவிட்டு, மற்றவற்றை ஆடுபவர்களிடமே விட்டன. ரசிகர்கள் கப்பல்களையும் கோள்களையும் சாகசங்களையும் (ஓர் ஆட்டத்தில் நடத்துவதற்கான சூழலும் நிகழ்வுகளும்) எழுதிப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்கு அந்த வெற்றிடம் இயல்பாகவே இடம் தந்தது. இந்த வகை விளையாட்டுகள் இத்தனை காலம் உயிரோடு இருப்பதில் அவர்களுடைய உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயினும், ஆசையோடு எழுதப்பட்ட பல ஆக்கங்கள் ஒருமுறைகூட ஆடப்படாமல் கிடக்கின்றன. கற்பனைக் குறைவால் அப்படி நேர்வது அரிது. எழுதியவர் தம் ஆக்கத்தை யார், எந்த நிலையில் கையாளப் போகிறார் என்பதை மறந்துவிடுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. அதைக் கையில் எடுப்பவர் ஆட்டத்தை நடத்தும் நடுவர். எதிரே நான்கு பேர் அவருடைய பதிலுக்காகக் காத்திருப்பார்கள், எழுதியவரோ அங்கே இருக்க மாட்டார். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மறதியிலிருந்து கிளைத்தவை.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, சாகசத்தைக் கதையாக எழுதிவிடுவது. அந்த நட்சத்திர மண்டலத்தின் முந்நூறு ஆண்டு வரலாறு, இரண்டு வணிகக் குடும்பங்களின் பகை, ஒரு தளபதியின் துரோகம் என நான்கு பக்கங்கள் ஓடிய பிறகுதான், ஆட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், அவர்கள் முன் என்ன இருக்கிறது என்பதே தெரியவரும். நடுவருக்கு வேண்டியது வேறு: இந்த இடத்தில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும், ஆட்டக்காரர்கள் தலையிடாவிட்டால் அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கும். இந்த மூன்றும் முதல் பக்கத்தில் இருந்துவிட்டால், வரலாற்றைப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். 'பயணிகள் (ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள்) இந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்வார்கள்' என்று எழுதப்பட்ட வரியை நான் எங்கே பார்த்தாலும் அங்கே கோடிட்டு வைப்பது வழக்கம், ஏனெனில் அவர்கள் ஏற்க மறுத்தால் மீதிப் பக்கங்கள் அனைத்தும் பயனற்றுப் போகின்றன. கதை நகர்வதற்குக் கட்டாயம் வேண்டிய ஒரு தடயத்தை ஒரே பகடை உருட்டலுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிழைதான். உருட்டல் தவறினால் மேசையில் அமைதி நிலவும், நடுவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தடயத்தைக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். அந்தத் தடயத்தை உருட்டல் இல்லாமலே கொடுத்துவிட்டு, அதை எவ்வளவு விரைவாக அல்லது யாருக்கும் தெரியாமல் பெறுகிறார்கள் என்பதற்கு மட்டும் பகடையை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து எண்கள். டிராவலரிலும் அதன் வழிவந்த விதிமுறைகளிலும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, திறனையும் பிற கூட்டல்களையும் சேர்த்து, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்பதே வழக்கமான கணக்கு. கூட்டல் எதுவும் இல்லாதபோது 36-க்கு 15 வாய்ப்பு, அதாவது ஏறத்தாழ 42 சதவீதம். ஒன்றைக் கூட்டினால் 58 சதவீதம், இரண்டைக் கூட்டினால் 72, மூன்றைக் கூட்டினால் 83 சதவீதம். இருபது முகப் பகடையோடு பழகியவர்களுக்கு ஒவ்வொரு கூட்டலும் வாய்ப்பில் 5 சதவீதம் மட்டுமே நகர்த்தும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து ஒரு புதிய துப்பாக்கிக்கு 'குறிக்கு 2 கூட்டுக' என்று எழுதும்போது, தாம் செய்திருப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. திறன் 2 உள்ள, துப்பாக்கி சுடும் ஒரு பாத்திரத்துக்கு, உடல் லாவகத்தால் மேலும் 1 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஏற்கெனவே 83 சதவீத வாய்ப்பு உண்டு. புதிய துப்பாக்கி கைக்கு வந்த பிறகு இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் மட்டுமே அவர் தவறுவார், அதாவது 36 உருட்டல்களில் ஒரே ஒரு முறை. அதன் பிறகு அந்த மேசையில் துப்பாக்கிச் சண்டை நடக்கும்போது யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடையைப் பார்க்க மாட்டார்கள். ஒரு கருவியைச் சிறப்பானதாகக் காட்ட எண்ணைக் கூட்டுவது ஒன்றே வழி அன்று. ஒலியில்லாமல் சுடும், காற்றில்லாத இடத்திலும் வேலை செய்யும், சோதனைச் சாவடியில் அகப்படாது என்பன போன்ற பண்புகள் வாய்ப்புக் கணக்கைக் கெடுக்காமல் புதிய முடிவுகளுக்கு வழி திறக்கும்.

கப்பல் வடிவமைப்பில் நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை டன் என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறது. டிராவலரில் டன் என்பது எடை அன்று, கொள்ளளவு. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் இடம், ஏறத்தாழ 14 கன மீட்டர், ஓர் அலகு. '200 டன் எடையுள்ள கப்பல்' என்று எழுதியவர் பெரும்பாலும் அதன் உட்பகுதியையும் அளந்து பார்த்திருக்க மாட்டார். தளவரைபடத்தில் ஒன்றரை மீட்டர் சதுரக் கட்டங்களைப் பயன்படுத்தினால் ஒரு டன்னுக்கு இரண்டு கட்டங்கள் வரும். ஆக, 200 டன் கப்பலுக்கு ஏறத்தாழ 400 கட்டங்கள். சற்றுக் கூடலாம், குறையலாம், ஆனால் 700 வரக்கூடாது. நான் முதன்முதலில் வரைந்த சரக்குக் கப்பலில் அறைகள், உணவுக்கூடம், சிகிச்சை அறை, சரக்குக் கிடங்கு எல்லாம் அழகாக அமைந்திருந்தன. வரைந்து முடித்த பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் எரிபொருள் தொட்டிக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை என்பது தெரிந்தது. ஒரு பார்செக் (ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) தொலைவு ஜம்ப் செய்வதற்கே, அதாவது ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒளியை மிஞ்சித் தாவுவதற்கே, கப்பலின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு எரிபொருள் வேண்டும். நான்கு பார்செக் செல்லும் 200 டன் கப்பல் என்றால் 80 டன், அதாவது 160 கட்டங்கள், தொட்டிக்கே போய்விடும். வரைபடத்தை மாற்றி வரைந்தபோது கப்பல் நெருக்கடியானதாக மாறியது. அந்த நெருக்கடிதான் அதற்கு ஒரு வாழ்ந்த தன்மையைக் கொடுத்தது. அறை ஒன்றுக்கு விதிநூல் ஒதுக்கும் 4 டன்னில் ஏறத்தாழ பாதிதான் அறைக்கு உரியது, மீதி நடைவழிக்கும் பொது இடத்துக்கும் போகிறது என்பதையும் புதிதாக வரைபவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பயண நேரத்தைப் பலர் ஊகித்தே எழுதிவிடுகிறார்கள். பாதி வழி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், மறுபாதியில் குறைத்துக்கொண்டே வரும் கப்பலுக்கு, தொலைவை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் நேரம் கிடைக்கும். விநாடிக்கு விநாடி 10 மீட்டர் முடுக்கத்தில் 10 லட்சம் கிலோமீட்டரைக் கடக்க 20,000 விநாடிகள், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். எஞ்சினின் வலிமையை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. ஏறத்தாழ நான்கு மணி நேரமாகத்தான் குறையும். துரத்தல் காட்சிகளை எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

இவற்றையெல்லாம்விட ஆழமான ஒரு பிழை இருக்கிறது. விளையாட்டின் உலகம் எந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறதோ அதையே அறியாமல் இடித்துவிடுவது அது. டிராவலரில் ஒவ்வொரு ஜம்ப்பும், தொலைவு எதுவானாலும், ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். ஒளியை மிஞ்சும் வானொலி எதுவும் இல்லை. ஆகவே செய்தி கப்பலில்தான் போக வேண்டும், கப்பலைவிட விரைவாகப் போகவே முடியாது. தொலைதூர ஆட்சியாளர்கள் தம் பகுதிகளைத் தாமே ஆள வேண்டிய நிலையும், வணிகன் ஒருவன் பிற மண்டலத்தின் விலையை ஊகித்துச் சரக்கு ஏற்ற வேண்டிய நிலையும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. ஒரு மண்டலத்தில் குற்றம் செய்துவிட்டுத் தப்பிய ஆட்டக்காரர்களை அடுத்த மண்டலத்தில் காவலர்கள் வரவேற்கக் காத்திருப்பதாக ஒரு ரசிகர் சாகசம் சொல்லும்போது, அந்த ஒரு காட்சிக்காக அந்த அமைப்பு முழுவதும் பொருளற்றுப் போகிறது. காவலர்கள் வந்தே ஆக வேண்டுமென்றால், அஞ்சல் கப்பல் ஒன்று ஆட்டக்காரர்களுக்கு முன்பே செய்தியோடு புறப்பட்டுவிட்டது என்று எழுதலாம். அந்தக் கப்பல் புறப்படுவதைத் தடுக்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பும் தரலாம். அப்போது அந்தத் தடையே சாகசமாக மாறிவிடும்.

ஒரு கோளின் தன்மைகளை இலக்கங்களால் சுருக்கிச் சொல்லும் குறியீட்டு வரியும் இத்தகையதே. அதில் மக்கள்தொகைக்கான இலக்கம் பத்தின் அடுக்கைக் குறிக்கிறது. 6 என்றால் பத்து லட்சங்களின் கணக்கு, 3 என்றால் ஆயிரங்களின் கணக்கு. மக்கள்தொகை 3 என்று குறியிட்டுவிட்டு, கீழே பத்தாயிரம் வீரர்கள் கொண்ட படையையும் சுரங்க ரயிலையும் மூன்று எதிர்க்கட்சிகளையும் வருணிக்கும் பக்கங்கள் உண்டு. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் கோளில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். விண்வெளித் தளத்தின் அதிகாரியே நீதிபதியாகவும் இருப்பார், அவருடைய மைத்துனர் அங்குள்ள ஒரே மருத்துவராக இருப்பார். எண்ணை நம்பி அதிலிருந்து சமூகத்தை வருவித்தால், ஊகத்தில் எழுதுவதைவிடப் புதிய ஓர் இடம் கிடைக்கும். வேற்றுலக இனங்களுக்கும் இது பொருந்தும். ஓர் இனம் முழுவதும் வீரம் மிக்கது, இன்னோர் இனம் முழுவதும் பேராசை கொண்டது என்று எழுதினால் நடுவருக்கு நடிக்க ஒரே ஒரு குரல்தான் மிஞ்சும்.

உரிமை பற்றிய தவறுகள் எழுத்தாளரையே காயப்படுத்துபவை என்பதால் இவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு விளையாட்டை ஆடும் முறையை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் காப்பதில்லை. ஆனால் அந்த முறையை விளக்கும் சொற்களையும், ஓவியங்களையும், புனைவுலகத்தையும் காக்கிறது. விளையாட்டின் பெயரோ வணிகக் குறியாக இருக்கலாம். ஆகவே விதியை நம் சொந்தச் சொற்களில் எழுதுவதும், விதிநூலின் பத்தியைப் பிரதி எடுப்பதும் ஒன்றல்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், பிறரும் தன் விதிகளைப் பயன்படுத்தி எழுத 2000-இல் தந்த ஓப்பன் கேம் லைசென்ஸ் உரிமத்தின் கீழ் எழுதுபவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். முதலாவது, நாம் எடுத்தாண்ட ஒவ்வொரு மூலத்தின் பதிப்புரிமை வரியையும் 15-ஆம் பிரிவில் நம்முடையதோடு சேர்த்துத் தர வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, பிறருடைய வணிகக் குறியைச் சொல்லி அதனோடு பொருந்தும் என்று அட்டையில் அறிவிக்கிறார்கள். தனி அனுமதி இல்லாமல் அப்படிச் செய்ய அந்த உரிமம் இடம் தருவதில்லை. 2016-இல் வெளியான செஃபியஸ் எஞ்சின் என்ற விதித்தொகுப்பு, டிராவலரின் பெயரைப் பயன்படுத்தாமலே அதே வகை ஆட்டத்துக்கு எழுதி வெளியிட ஒரு வழியைத் திறந்தது. ஆனால் அதைப் பயன்படுத்துவோர் டிராவலருக்குப் பின்னாளில் உருவான கற்பனைப் பேரரசையும் அதன் இனங்களையும் உள்ளே கொண்டுவர முடியாது. உரிமங்கள் மாறக்கூடியவை என்பதையும் மறக்கக்கூடாது. 2023 ஜனவரியில் ஓப்பன் கேம் லைசென்ஸை மாற்ற அந்த நிறுவனம் எடுத்த முயற்சி பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது, அம்மாத இறுதியிலேயே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5.1 விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. ரசிகர்களுக்கான கொள்கை என்று உரிமையாளர் வெளியிட்டிருப்பதை எழுதத் தொடங்கும் முன்பே படித்து, படித்த நாளையும் குறித்துவைப்பது நல்லது. இலவசமாகத் தருகிறோம் என்பது மட்டுமே அனுமதி ஆகிவிடாது.

வடிவமைப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விண்வெளி என்பதால் பக்கம் முழுவதும் கறுப்புப் பின்னணியும் நட்சத்திரங்களும் இட்டு, மேலே வெளிர்நீல எழுத்தை வைப்பவர்கள், அச்சிட விரும்பும் நடுவரின் மையையும், மங்கலான அறையில் படிக்கும் அவருடைய கண்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் இன்னொரு பிரதியைச் சேர்த்துத் தருவது பெரிய வேலை அன்று.

வெளியிடும் முன், எழுதியவர் அல்லாத ஒருவர் அதை நடத்திப் பார்க்க வேண்டும். எழுதியவர் அருகில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கைவிடப்பட்ட ஆய்வுக்கப்பல் ஒன்றைப் பற்றி நான் எழுதிய பன்னிரண்டு பக்கச் சாகசத்தை நானே மூன்று முறை நடத்தியிருந்தேன், குறை எதுவும் தெரியவில்லை. நண்பர் ஒருவர் அதை நடத்தியபோது, ஆட்டக்காரர்கள் உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடத்தில் ஒருவர், கப்பலில் இன்னும் எத்தனை மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது என்று கேட்டார். நண்பர் முதல் பக்கத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறு மணி நேரம் என்பது என் நினைவில் மட்டுமே இருந்தது. இப்போது அந்த வரி முதல் பக்கத்தில், தலைப்புக்கு அடுத்ததாக இருக்கிறது.