மயலோமாச் சிகிச்சைக் காலத்தில் கணவனுக்கோ மனைவிக்கோ துணை நிற்பது எப்படி

குருதிப் புற்றுநோய் என்றதும் மட்டக்களப்பில் பலருக்கும் நினைவுக்கு வருவது லியூக்கேமியாதான். மல்டிபிள் மயலோமா என்ற பெயரை நான் முதன்முதலாகக் கண்டது என் கணவரின் கிளினிக் கொப்பியில். அதற்கு முன் ஏழு மாதங்களாக அவருடைய முதுகுவலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டும், பார்மசியில் வாங்கிய வலிக்குளிசைகளைக் கொடுத்துக்கொண்டும் இருந்தேன். அந்தக் குளிசைகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன். சமைக்கவும் அழவும் நேர்த்தி வைக்கவும் உறவினர் நிறையவே வருவார்கள். ஆனால் கிளினிக்கில் வைத்தியர் பார்ப்பது சில நிமிடங்களே என்பதால், மிகுதி நாட்களில் நடப்பதைக் கண்டு, திகதியோடு குறித்து, அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குக் கூடவே வாழ்பவரை விட்டால் ஆளில்லை.

இந்த நோயில் என்பு மச்சையிலுள்ள பிளாஸ்மாக் கலங்கள், அதாவது கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கும் வெள்ளணுக்கள், கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. அதனால் எலும்பு அரிக்கப்படுகிறது, குருதிச்சோகை உண்டாகிறது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது, அக்கலங்கள் சுரக்கும் பயனற்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை இந்த நான்கிலிருந்தே வருவதால், இவற்றை மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

முதலில் சிறுநீரகம். டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற வலிக்குளிசைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைப்பவை. மயலோமா நோயாளருக்கு அவை பெருங்கேடு. நான் அறியாமற் செய்த பிழை இதுதான். எனவே வலி கூடினால் பார்மசிக்கு ஓடாமல், என்ன கொடுக்கலாம் என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இங்கே மருந்துக்குச் சமம். வைத்தியர் அளவு குறைக்கச் சொல்லியிராவிட்டால் நாளொன்றுக்கு 2 முதல் 3 லீற்றர் வரை குடிக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பு வற்றுவது தெரியாமலே வற்றிவிடும் என்பதால், காலையில் இரண்டு போத்தல்களை நிரப்பி அவர் கண்ணில் படும்படி வைத்து, மாலையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். “தண்ணி குடிச்சீங்களா?” என்று நாள் முழுவதும் கேட்டு எரிச்சலூட்டுவதைவிட இது நல்லது.

காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம். வெப்பமானி 38 பாகை செல்சியசை, அதாவது 100.4 பாகை பரனைற்றைக் காட்டினால், நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பனடோல் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். சிகிச்சையில் கொடுக்கும் டெக்சமெதசோன் என்ற ஸ்டெரொயிட் குளிசையை எடுக்கும் நாட்களில் காய்ச்சல் வெளியே தெரியாமலே தொற்று முற்றக்கூடும் என்பதால் நடுக்கம், மயக்கம், மூச்சு வாங்கல் ஆகியவையும் போதிய காரணங்களே. மாரியில் டெங்கும் சுற்றித் திரிவதால், வாட்டில் எவரும் அதை வெறும் காய்ச்சலாக எண்ணிவிடாதபடி, இவர் மயலோமா நோயாளர், இன்னின்ன மருந்து எடுக்கிறார், குருதி உறையாமலிருக்க அஸ்பிரினும் எடுக்கிறார் என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள்.

இனிக் கொப்பி. கிளினிக் கொப்பியைத் தவிர உங்களுக்கென ஒன்று வேண்டும். ஊசி போட்ட நாள், குளிசை எடுத்த நேரம், நிறை, தூக்கம் ஆகியவற்றைக் குறியுங்கள். மயலோமாவுக்குக் கொடுக்கும் போர்டெசொமிப் ஊசியும் தாலிடமைட் குளிசையும் நரம்பைப் பாதிப்பவை. விரல் நுனி விறைப்பதையும் செருப்புக் கழன்றது தெரியாமல் நடப்பதையும் பலர் வைத்தியரிடம் மறைப்பார்கள், மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தால். அளவைக் குறைத்துத் தொடரவும் வழியுண்டு. மறைத்தால் அந்த விறைப்பு நிரந்தரமாகிவிடலாம். டெக்சமெதசோனைக் காலையில் சாப்பிட்டபின் கொடுங்கள். அன்றிரவு தூக்கம் வராது, பேச்சும் கோபமும் கூடும், சீனி வருத்தம் உள்ளவருக்குச் சீனி ஏறும். ஓரிரு நாளில் சோர்ந்து விழுவார். அந்தக் கோபம் குளிசையுடையது என்று நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது.

கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தால், சிங்களம் தெரியாதவர்கள் தங்கள் கேள்விகளைத் தெரிந்த ஒருவரைக்கொண்டு சிங்களத்தில் எழுதி எடுத்துச்செல்வது நல்லது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம் அது. பேருந்தா புகையிரதமா என்று தெரிவு இருந்தால் புகையிரதத்தையே எடுங்கள். பேருந்தின் பின்னிருக்கைக் குலுக்கல் அரிக்கப்பட்ட முள்ளந்தண்டுக்கு ஆகாது. தாலிடமைட் எடுப்பவர் நீண்டநேரம் அசையாதிருந்தால் காலில் குருதி உறையும் என்பதால், மணிக்கொருமுறை எழுப்பி நடக்கவையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்குவதோ, நெஞ்சு வலிப்பதோ உடனே காட்டவேண்டியவை. திடீரெனக் கால்கள் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, அதுவும் முள்ளந்தண்டு வடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மணித்தியாலங்கள் கூட முக்கியம்.

உணவில் பெரிய விலக்குகள் இல்லை. புதிதாகச் சமைத்த சோறு, மீன், முருங்கையிலை, கொதித்தாறிய கிணற்றுநீர் போதும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சட்டித்தயிரையும் பச்சைச் சம்பலையும் தள்ளிவையுங்கள். யாரோ அனுப்பும் கசாயத்தை வைத்தியருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். போர்டெசொமிப் போடும் காலத்தில் கிரீன் ரீயும் வேண்டாம், அது மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடியது. கிணற்றில் வாளி இழுப்பதையும் அரிசி மூட்டை தூக்குவதையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி தொடங்குமுன் பல் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

தாலிடமைட் கருவிலுள்ள குழந்தையைச் சிதைக்கும் மருந்து, விந்திலும் கலக்கும். ஆகவே கருத்தரிக்கும் வயதில் மனைவி இருந்தால் ஆணுறை கட்டாயம், கர்ப்பிணியான மகளோ மருமகளோ அந்தக் குளிசையைத் தொடவும் கூடாது. வெட்கத்தால் கேட்காமல் விடும் விடயம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் பெண் தாய்வீட்டை ஒட்டியே வாழ்வது வழக்கம். மனைவி நோயாளியானால் மாமியாரும் மைத்துனிமாரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள். கணவர் வாசற்படியில் அமர்ந்துவிடுவார். அவர் எழுந்து உள்ளே போய்க் கொப்பியைத் தன் கையில் எடுக்க வேண்டும். மாறாக, கணவர் நோயாளியானால் மனைவி ஒருத்தியே எல்லாம் சுமந்து வாடுவாள். நான் நாலாம் மாதத்தில்தான் என் தம்பியிடம் ஒரு கிளினிக் நாளை ஒப்படைத்தேன். முதல்நாள் மாலை கொப்பியின் பக்கங்களைக் காட்டி, எதைக் கேட்கவேண்டும், எந்தக் குளிசை தீரப்போகிறது என்று விளக்கி அனுப்பினேன். அவன் திரும்பிவந்து எழுதிய பக்கம், என் எழுத்தைவிட ஒழுங்காகவே இருந்தது.