பதின்ம வயது நண்பர்கள் பேசும் காட்சியை எடுப்பது எப்படி?
நடிகர்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, பத்து நிமிடம் சும்மா பேசவிட்டுப் பாருங்கள். திரையில் நட்பு ஒட்டாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வசனத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒப்பிப்பார்கள். அந்தக் காட்சியில் தனக்கு என்ன வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொருவர் காதிலும் தனியாகப் போடுங்கள். மற்றவருக்குத் தெரியாததால்தான் முகத்தில் நிஜமான தயக்கம் வரும்.

இரண்டு கேமரா இருந்தால் இரு முகங்களையும் ஒரே நேரத்தில் எடுங்கள். பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் எடிட்டிங்கில் சிக்கல் வராது. ஒரே கேமரா என்றால் குளோசப்பில் ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசட்டும். நொடிக்கு 24 ஃபிரேம் (படங்கள்) எடுத்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள்.

சட்டைக்குள் மைக் வைத்தால் துணி உரசும். மைக்கின் இருபுறமும் டேப் ஒட்டுங்கள். கிளம்பும்முன் எல்லோரும் அமைதியாக நிற்க, 30 நொடி அறையின் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் அதை அடியில் ஓடவிடாவிட்டால், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் குதிக்கும்.