டயட் கோலா குடிக்கலாமா?

சாதாரண கோலா 330 மில்லி கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஏழெட்டு டீஸ்பூன். தினமும் அதைக் குடிக்கிறவர் டயட் கோலாவுக்கு மாறினால் அவ்வளவு சர்க்கரை குறையும். அந்த மட்டில் நல்லதுதான்.

புற்றுநோய் பயம் 2023 ஜூலையில் பரவியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டயட் கோலாவில் சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. கிடைத்த சான்றுகள் குறைவு என்றும் சொன்னது. தினசரி வரம்பு மாறவில்லை: உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ளவர் நாளைக்கு 9 முதல் 14 கேனுக்கு மேல் குடித்தால்தான் அதைத் தாண்டுவார். எப்போதாவது ஒன்று குடிப்பவர் பயப்பட வேண்டாம்.

ஆனால் எடை குறையும் என்று நம்பிக் குடிக்காதீர்கள். அதற்காக செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். பல்லுக்கும் கவனம் தேவை. சர்க்கரை இல்லாவிட்டாலும் அதிலுள்ள அமிலம் எனாமலை அரிக்கும்.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: லோ சுகராகி வியர்த்து, கை நடுங்கும்போது டயட் கோலா கொடுத்தால் பிரயோஜனமே இல்லை. நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு சாதாரண சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். அப்புறம், பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.