ஹெட்செட்டில் இரைச்சலா? ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

என் இரண்டு இருக்கை விமானத்தில் ஒருநாள் திடீரென்று இரைச்சல் ஆரம்பித்தது. ரேடியோதான் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினேன். பழுதே இல்லை என்று திரும்பி வந்தது. அதன்பிறகுதான் வரிசையாகத் தேடக் கற்றுக்கொண்டேன்.

தரையில், இன்ஜினை நிறுத்தி வைத்துத் தொடங்குங்கள். மாஸ்டர் சுவிட்சும் (விமானத்தின் முதன்மை மின் சுவிட்ச்) ரேடியோவும் மட்டும் போதும். யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து விட்டு, மற்ற கருவிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' ஓசை ரேடியோவின் சொந்த ஓசை, அதை விட்டுவிடுங்கள். எதைப் போட்டதும் ஓசை மாறுகிறதோ அங்கே நில்லுங்கள். இப்போது ரேடியோவின் பின்னால் இருக்கும் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது காற்று வழியே ஆன்டெனாவுக்கு வருகிறது. போகாவிட்டால் மின்கம்பி வழியாகவோ ஹெட்செட் கம்பி வழியாகவோ வருகிறது. தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். கேபிள் கழன்றிருக்கும்போது பேசும் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள், ரேடியோ பாழாகலாம்.

எனக்குக் கேபிளைக் கழற்றியதும் சத்தம் அடங்கியது. குற்றவாளி, டேஷ்போர்டில் செருகியிருந்த போன் சார்ஜர். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க அது வேகமாக ஆன்-ஆஃப் ஆகிறது. அந்தக் குப்பை அலைகள் நாம் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை பரவுகின்றன. நாம் கேட்பது ஏஎம், அதாவது அலையின் வலிமை ஏறி இறங்குவதையே ஒலியாக்கும் முறை என்பதால் அப்படியே காதில் விழும். எல்இடி விளக்குகளும் இதே வகை.

இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் காதை நம்புங்கள். வேகம் கூடும்போது 'ங்ஙீ' என்று சுருதி ஏறினால் ஆல்டர்னேட்டர். அதன் சுவிட்சை ஒரு நொடி அணைத்துப் பாருங்கள், உறுதியாகிவிடும். 'டக் டக்' என்று வேகத்தோடு நெருங்கினால் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ. இன்ஜின் சாவியை இடது, வலது என்று மாற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். அப்புறம் அதை அணைக்கும் கம்பியான பி-லீட்டின் ஷீல்டை, அதாவது மேலுள்ள உலோக உறையை, பார்க்கச் சொல்லுங்கள். இதில் மட்டும் கவனம் வேண்டும்: அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவியை அணைத்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும், ப்ரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் இன்ஜின் சுழன்றுவிடலாம். அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேபிளைக் கழற்றியும் சத்தம் நின்றபாடில்லை என்றால் ஹெட்செட்டைச் செருகும் ஜாக்கைப் பாருங்கள். அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வாஷர் இருக்கும். அது உடைந்து ஜாக் விமானத்தின் உலோகத்தைத் தொட்டாலே எர்த் இரண்டு வழியாகப் போய் இரைச்சல் உள்ளே வந்துவிடும்.